வலது கையில் நாடி இல்லை

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. அப்போது வயது ஐம்பத்தெட்டு. நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். தலையில் சீப்பு பட்டாலே உயிர் போகும். சாயங்காலமானால் காய்ச்சல். நாலு வாய் சோறு மெல்லுவதற்குள் தாடை கடுத்துவிடும். பங்குனி முடிவதற்குள் பாதியாக இளைத்துவிட்டேன்.

பிறகு வலது கையும் சோர்ந்தது. ஆட்டுக்கல்லில் நாலு சுற்று சுற்றினால் கை வலிக்கும், நிறுத்தினால் சரியாகும். வேலைக்குச் சோம்பல் என்று என் மருமகள் நினைத்தாள். வாயால் சொல்லவில்லை, முகம் சொன்னது.

அடி அண்ணாமலையில் ஒரு நாட்டு வைத்தியரிடம் என் வீட்டுக்காரர் அழைத்துப்போனார். பெண்களுக்கு இடது கையில்தான் நாடி பார்ப்பது வழக்கம். அவரும் இடது கையைப் பிடித்தார். "நாடி நல்லாத்தான் ஓடுதும்மா. பித்தம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார். அப்புறம் டவுனில் டாக்டரிடம் போனோம். பிரஷர் பார்க்க அவர் கை கேட்டபோது, பழக்க தோஷம், அங்கேயும் நான் இடது கையையே நீட்டினேன். பிரஷர் சரியாக இருக்கிறது என்று தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது இடது கண் திடீரென இருண்டுவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்வை திரும்பியது. ஆனால் என் தைரியம் திரும்பவில்லை. குருடியாகிப் பிறர் ஊட்டித்தான் சாப்பிடப் போகிறேனா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

உண்ணாமுலை அம்மன் சந்நிதிக்குப் போய் நின்றேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். "என் கண்ணைப் புடுங்கிக்கப் போறியா? எடுத்துக்கோ. ஆனா எனக்கு என்ன நோவுன்னு ஒருத்தராவது சொல்லட்டும். அது கூடவா உன்னால முடியாது?" பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆடிப்பூரம். அம்மனுக்கு வளைகாப்பு. அம்மனுக்கு வளையல் வாங்கும்போது நாமும் புதிதாகப் போட்டுக்கொள்வோம். கோயில் பக்கத்தில் முப்பது வருஷமாக வளையல் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். இடது கைக்கு வளையல் ஏற்றினார். வலது கையை எடுத்து, விரல்களைக் குவித்துப் பிடித்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். மறுபடி இடது கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா, அந்தக் கை சூடா இருக்கு. இது ஜில்லுனு இருக்கு. வளையல் ஏத்தும்போது விரலுக்கடியில நாடி துடிக்கிறது தெரியும். இதுல ஒண்ணுமே தெரியலீங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே வேலூருக்குப் போயிடுங்க."

அன்று மத்தியானமே பஸ் ஏறினோம். வேலூரில் பெரிய டாக்டர் ஒருவர் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். இடது கையில் சரியாக இருந்தது, வலது கையில் சத்தமே கேட்கவில்லை. கழுத்தடியில் காறை எலும்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"ரத்தக்குழாய் சுவரே வீங்கியிருக்கும்மா. பொட்டுப் பக்கம் மட்டும் இல்ல, நெஞ்சுலேர்ந்து கைக்குப் போற பெரிய குழாய்லயும் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார். உடனே மாத்திரை தொடங்கிவிட்டு, பொட்டுக் குழாயில் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தும் பார்த்தார்கள். அவர் சொன்ன நோய்தான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தியை நிறுத்தாமல் மென்று சாப்பிட்டேன். அழுகை பொங்கிவிட்டது. வீட்டுக்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

எல்லாம் மாயமாய் மறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். முகம் பூசணிக்காயாக உப்பியது, சர்க்கரையும் வந்தது. பெரிய குழாய் சம்பந்தப்பட்டது என்பதால் இன்றும் வருஷம் தவறாமல் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கண் தப்பியது. மருமகளே இப்போது என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாள்.

பாயிடம் போய், "அம்மன்தான் உங்க கையில வந்தா" என்றேன். "நான் என்னாங்க பண்ணேன், அல்லா காட்டுனாரு" என்றார். இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

துன்பத்தில் இருப்பவர்களே, அம்மனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவள் தாங்குவாள். இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நானே வலது கையால் எழுதினேன். நடுவில் மூன்று முறை கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரை நானே படித்தும் பார்த்துவிட்டேன்.