மூட்டைக்குள் ஒரு ஜாக்கெட் கொக்கி

பழைய துணி வாங்கும் தொழிலில் துணியால் ஒரு தொந்தரவும் கிடையாது, எல்லாத் தொந்தரவும் மனுஷர்களால்தான். பீரோவைத் திறந்தால் தலையில் துணி கொட்டுகிறது, ஆனால் எதையும் தூக்கிப்போட மனசு வரவில்லை என்று தவிக்கிறீர்களே, உங்கள் வீட்டு வாசலுக்கு வேனோடு வந்து நிற்கிற ஆசாமி நான்தான். வாங்கியதை அடுகோடியில் இருக்கிற என் குடோனில் இறக்குவேன். அங்கே செல்வியும் இன்னும் ஐந்து பெண்களும் பிரித்து, வெட்டி, மெஷின் துடைக்கிற துணியாகப் பொம்மசந்திரா ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆறு பேர் வீட்டிலும் அடுப்பு எரிவது அந்த ஒரு ஒர்க்‌ஷாப்பை நம்பித்தான்.

இஸ்திரி போட்ட கந்தல்

ஜெயநகரில் ஒரு பெரியவர். சர்க்கார் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். போன் செய்து வரச்சொன்னார். மூட்டையைப் பிரித்தால் ஆறு ஓட்டை பனியன், இரண்டு கிழிந்த வேட்டி, நாலு தலையணை உறை. எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை மடித்து வைத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சார், நாளைக்கே இதை வெட்டித் துண்டு துண்டாக்கிடுவோம். எதுக்கு இஸ்திரி?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “இத்தனை வருஷம் என் உடம்புல கிடந்ததுப்பா. அடுத்த வேலைக்குப் போறப்ப கசங்கியா அனுப்புறது?”

செல்வியின் விரல்

நைலான் கலந்த துணி எண்ணெயை உறிஞ்சாது, பூசித்தான் விடும். அதனால் ஒர்க்‌ஷாப்புக்குச் சுத்தமான பருத்திதான் போகணும். லேபிளை நம்ப முடியாது. செல்வி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய் தேய்ப்பாள், அவ்வளவுதான். பருத்தி இந்தப் பக்கம், மற்றது மெத்தைக்குள் அடைக்க மெத்தைக்காரருக்கு. பக்கத்துப் பெண்ணோடு பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். நானும் எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்துவிட்டேன், என் விரலுக்குத் துணி துணியாகத்தான் தெரிகிறது.

ஒருநாள் அவளைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று, முந்தின நாள் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ‘சுத்தமான காட்டன்’ என்று சொல்லி ஒரு கடைக்காரன் என் தலையில் கட்டிய புதுச் சட்டையைக் குவியலுக்குள் நுழைத்தேன். எடுத்தாள், தேய்த்தாள், என் பக்கமே வீசினாள். “அண்ணா, உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். போட்டுக்கிறீங்களா, மெத்தைக்கு அனுப்பிடட்டா?”

நான் கத்தரி பிடித்த நாள்

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் லீவு. ஒர்க்‌ஷாப்பில் மூட்டை அவசரமாகக் கேட்டார்கள். ‘இது என்ன பெரிய வித்தையா’ என்று நானே கத்தரியோடு உட்கார்ந்தேன். சட்டை வந்தால் பட்டனை வெட்டு, பேன்ட் வந்தால் ஜிப்பை வெட்டு, பையில் கை விட்டுப் பார். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் ஒரு குவியல் காட்டன் ஜாக்கெட் வந்தது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், பட்டனே இல்லை. அப்பாடா என்று அப்படியே நாலாக வெட்டி மூட்டையில் போட்டுத் தைத்தும் முடித்துவிட்டேன்.

செல்வி டீ குடித்துவிட்டு வந்து பார்த்து அசந்துபோனாள். “பரவாயில்லையேண்ணா, எங்களையே மிஞ்சிட்டீங்க.”

பொம்மசந்திராவில்

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் போர்மேன் மஞ்சுநாத்திடமிருந்து போன். பாலிஷ் போட்ட ரோலரை உங்கள் துணியால் துடைத்ததில் நீளமாக ஒரு கீறல், இனிமேல் உங்கள் துணி வேண்டாம் என்றார். உடனே வேனை எடுத்தேன். செல்வியும் ஏறி உட்கார்ந்தாள். ஓசூர் ரோடு வழியாகப் பொம்மசந்திரா போய்ச் சேர்ந்தோம்.

மஞ்சுநாத் மேஜைமேல் ஒரு குட்டி ஜாக்கெட் கொக்கியை வைத்தார். பட்டிக்கு உள்பக்கம் தைத்திருப்பார்கள், வெளியே தெரியாது. எங்கள் பெண்கள் அந்தப் பட்டியையே இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுவார்கள். செல்விக்குப் பார்த்ததுமே புரிந்திருக்கும். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “எங்க தப்புதான் சார். மூட்டையைக் கொட்டுங்க” என்று தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் மணிக்கட்டின் உள்பக்கம் ஓட்டினாள். தோலில் உரசிய இடத்தில் நிறுத்தி, கொக்கியைப் பிடுங்கி வைத்தாள். கடைசித் துண்டுவரை விடவில்லை. எழுந்தபோது மணிக்கட்டெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கோடு.

“சார், இவங்க மேல தப்பில்ல. வெட்டினது நான்” என்றேன். மஞ்சுநாத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பதினாறு வருஷம் என்றேன். வீட்டில் ஒருநாளாவது பெண்டாட்டி துணியை மடித்ததுண்டா என்றார். நான் குனிந்து தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் செல்வி பக்கம் திரும்பினார். “ஆயித்தும்மா, சரி, சப்ளை நடக்கட்டும். ஆனா இந்த ஆள் கையில மட்டும் இனிமே கத்தரி கொடுக்காதீங்க.”

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுத் துணி முழுவதையும் ஜாக்கெட் உட்பட நானேதான் மடிக்கிறேன், ஆனாலும் குடோனில் செல்வி என்னை நம்பிக் கொடுப்பது இன்றுவரை வேன் சாவியை மட்டும்தான்.