கிழித்துப் பார்க்காத நாற்றுப் பை

1. பம்ப் ரூமுக்குப் பின்னால்

நான் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த சமயம். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி, "ஒரு சந்தேகம் சார், செத்த நேரம் வந்துட்டுப் போங்க" என்று கார் அனுப்பினார்.

அவர் வீட்டு மாமரத்து நிழலில் மூன்று தூர் ஸ்ட்ரெலிட்சியா இருந்தது. பூக்கடைகளில் பேர்ட் ஆஃப் பாரடைஸ் என்பார்கள். ஆரஞ்சுக் கொண்டை, நடுவே நீல ஈட்டி. ஊட்டியிலிருந்து ஆசையாக வாங்கி வந்தது. பம்ப் ரூமுக்குப் பின்னால் நாற்பது கறுப்பு நாற்றுப் பைகளில் அதே செடியின் சின்னக் கன்றுகள். பக்கத்தில் தோட்டக்காரர் சங்கிலி கைகட்டி நின்றார். வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்துக்காரர். என் வயதுதான்.

"தூரப் பிரிச்சு வெளிய விக்கப் பாத்திருக்கான் சார். கேட்டா, விதை போட்டு முளைக்க வச்சேங்கான். இது இங்க விதை போடுமா?"

சங்கிலி என்னைப் பார்த்துச் சொன்னார்: "போட்டுச்சுய்யா. ஒரு மைனா அந்த நீலத்துல உக்காந்து எந்திரிச்சப்போ காலெல்லாம் வெள்ள மாவு. அதப் பாத்துட்டு நான் பெருவிரல வச்சு அமுக்குனேன். மாவு ஒட்டுச்சு. அடுத்த தூர்ல, அந்த ஈட்டி மூக்குல தடவுனேன். காய் வந்துச்சு. பாதையோரம் வரிசையா வச்சா முதலாளி வீடு எம்புட்டு அழகா இருக்கும்னு..."

"ஒன் வெரலு என்ன தேன்சிட்டாலே?" என்றார் முதலாளி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2. முப்பது வருடமாகச் சொன்ன வாக்கியம்

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரெலிட்சியா, வாழை, விசிறி வாழை, இஞ்சி, மஞ்சள், கல்வாழை எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை. இதை வகுப்பில் நடத்துவது எனக்கு மிகப் பிடிக்கும். வாழைப்பூவில் மகரந்தத் தாள் பெரும்பாலும் ஐந்து, இஞ்சியில் ஒன்று, கல்வாழையில் அரை என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தூதரைப் பிடித்துக்கொண்டது. காட்டு வாழைக்கு வௌவால், விசிறி வாழைக்கு மடகாஸ்கரின் லெமூர். ஸ்ட்ரெலிட்சியாவுக்குத் தென்னாப்பிரிக்கப் பறவைகள். பறவை நீல இதழில் உட்கார்ந்தால் அதன் கனத்தில் இதழ் விரிந்து உள்ளேயிருக்கும் மகரந்தம் காலில் அப்பிக்கொள்ளும். கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பேன்: "அந்தப் பறவை இங்கே இல்லை, அதனால் இது நம் ஊரில் விதை வைக்காது." முப்பது வருடமாகச் சொன்னேன்.

அன்றும் அதையே சொன்னேன்.

சங்கிலி ஒரு பையைக் கையில் எடுத்து நீட்டினார். "ஐயா, பையக் கிழிச்சுப் பாருங்க. தூர்ல பிரிச்சதா, விதையில வந்ததான்னு வேரு சொல்லும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பிரித்த கன்றுக்குக் கிழங்கில் வெட்டுத் தழும்பு இருக்கும். விதைக் கன்றுக்குக் கழுத்தில் விதை ஓடு தொங்கும். முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். நான் பையை வாங்கவில்லை. "வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றேன்.

"சாரே சொல்லிட்டாரு. பொறவு என்னலே?" என்றார் முதலாளி. சங்கிலிக்கு அன்றோடு வேலை போயிற்று.

3. ஓடு

ஒரு வாரம் கழித்து முதலாளி கல்லூரித் தோட்டத்துக்கு இரண்டு பைகள் அனுப்பிவைத்தார். நட்டுவைக்க நானே ஒன்றைக் கிழித்தேன். தழும்பு இல்லை. மெல்லிய வேர், கழுத்தில் பட்டாணி அளவு கறுத்த ஓடு. மற்றதையும் கிழித்தேன். அதிலும் அப்படியே.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு வந்தது பயம் அல்ல, கூச்சம். 'சார் தப்பாச் சொல்லிட்டாரு' என்ற பேச்சு வருமே என்ற கூச்சம். இரண்டையும் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அந்த வருடமும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அதைத்தான் இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சில வருடம் கழித்து, நான் ஓய்வு பெறும் வருடம் அந்த இரண்டு செடிகளும் பூத்தன. ஒரு காலையில் பெருவிரலால் நீல இதழை அமுக்கினேன். விரலில் மாவு. அடுத்த செடியின் ஈட்டி நுனியில் தடவினேன். மாதங்கள் கழித்துக் காய் வெடித்தது. ஒவ்வொரு கறுப்பு விதையின் தலையிலும் ஆரஞ்சு மயிர்க்கொத்து.

அந்தக் காயை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ் ஏறினேன். சங்கிலி ஒரு வாழைத் தோப்பில் குலைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருட்டுப் பெயர் வந்த பிறகு ராஜபாளையத்தில் எந்த வீட்டிலும் அவரைத் தோட்ட வேலைக்குச் சேர்க்கவில்லையாம். காயை நீட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். விதைகளை உள்ளங்கையில் கொட்டி, மயிரைக் கட்டைவிரலால் நீவினார்.

"அன்னிக்குக் கிழிச்சிருந்தா ஒரு பைதானய்யா போயிருக்கும்."

ஒரு விதையை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்:

"முதலாளிகிட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

"பொறவு எங்கிட்ட எதுக்கு வந்திய? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

விதைகளைத் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அங்கிருந்து நேரே ராஜபாளையம் போனேன். முதலாளி கேட்டுவிட்டு, "அந்தச் செடியெல்லாம் எடுத்தாச்சு சார், இப்ப புல்லுதான். பழைய கதை, விடுங்க" என்றார். விடவில்லை. கன்றுகள் விதையில் வந்தவை, சங்கிலி சொன்னது உண்மை, என் வாக்கு தவறு என்று எழுதி, அன்று சிரித்த ஆட்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் வாசித்து, கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுத்தேன். நகலைச் சங்கிலிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அவர் எழுத வேண்டிய கடனும் இல்லை.

பாடம் நடத்தப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஒருவர் பையை நீட்டினால், கிழித்துப் பாருங்கள். கிழிக்காமல் தவறாகச் சொல்லியிருந்தால், சொன்ன இடத்துக்கே போய், கேட்டவர்கள் முன்னாலேயே திருத்துங்கள். அன்றைக்கே போங்கள். நான் ஒரு செடி பூக்கும் காலம்வரை தாமதித்தேன்; அதற்குள் ஒரு மனிதரின் பெயர் போய்விட்டது.