முன்கையில் பல் தடம்

நீதிமன்றத்தின் இலவசச் சட்ட உதவி அறையில் எல்லோருக்கும் அவள் ‘டைப்பு அக்கா’. பதினெட்டு வருடம் காவல் நிலையத்தில் அதிகாரி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான் அங்கே சட்டம். நிதானமாகப் பேசியவர் சொன்னது இரண்டு பக்கம் வரும். அழுதவர் சொன்னது நாலு வரியில் முடியும். எழுத்துப் பிழைக்குத் திட்டு விழும், விஷயப் பிழையை யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள், அவள் கையால் ‘தாக்கியவர்’ என்று தட்டச்சில் பதிவான ஒரு பெண், விலா எலும்பு விரிசல் தெரிந்த எக்ஸ்ரேயோடு வந்து நின்றாள். அதைச் சேர்க்க முடியாது என்றார்கள். அந்த மாதமே டைப்பு அக்கா வேலையை விட்டு, இந்தச் சட்ட உதவி அறைக்கு வந்தாள்.

இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவள் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடுபவள். கணவனைக் கடித்தாள் என்று வழக்கு. மூன்று வயது மகள் அவன் வீட்டில்.

“கடிச்சியாம்மா?”

“கடிச்சேன்க்கா. போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்.” குரல் கரகரத்தது.

“ஏன்னு கேட்டாங்களா?”

“இல்லக்கா. அவர் கையில ரத்தம். நான் கத்திக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வந்த போலீஸுக்கு அவர் நாற்காலி எடுத்துப் போட்டு, உக்காருங்க சார்னாரு.”

வழக்குக் கட்டில் இருந்த போட்டோவில், கணவனின் கையில் பல் தடம் முன்கையின் உட்புறம், முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. டைப்பு அக்கா, அறையில் இருந்த வக்கீலம்மாவைத் தன் பின்னால் நிற்கவைத்து, தன் கழுத்தைச் சுற்றிக் கை போடச் சொன்னாள். டைப்பு அக்காவின் வாய் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது. அதைப் பார்த்த இஸ்திரிக்காரி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. அப்பதான் கடிச்சேன்.”

“இதை ஏம்மா சொல்லல?”

“கட்டின புருஷன் கழுத்தை நெரிச்சான்னு எந்த வாயால சொல்றது?”

அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போனாள். தொண்டைக்குள் வீக்கம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு டைப்பு அக்கா, இந்த வழக்கைப் பதிந்த, தான் முன்பு வேலை பார்த்த அதே நிலையத்துக்குப் போனாள்.

“நீங்க அடிச்ச ரிப்போர்ட்டே இங்க மூட்டை மூட்டையா கிடக்கு. இப்ப எங்களுக்கே பாடமா?” என்றார் அதிகாரி.

“அதனாலதான் சார் வந்திருக்கேன்.”

உடனே எதுவும் நடக்கவில்லை. ஏழு வாரம், நாலு வாய்தா. ஐந்தாவது தடவை போலீஸார் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர் இஸ்திரிக்காரிதான் என்று பதிவானது. குழந்தையை அம்மாவிடம் விடச் சொல்லி உத்தரவும் வந்தது.

வராந்தாவுக்குக் குழந்தையைக் கூட்டிவந்தார்கள். ஓடி வரவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தது.

“கடிப்பியா?” என்று கேட்டது.

இஸ்திரிக்காரி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மாட்டேன் கண்ணு” என்றாள், கையை எடுக்காமலே.

பெஞ்சின் ஒரு முனையில் தாயும் மறுமுனையில் மகளும் உட்கார்ந்தார்கள். நடுவில் இடம் அப்படியே கிடந்தது.