பிரிப்பக்காவும் நீல நைட்டியும்

எங்கள் தையல் அறையில் பன்னிரண்டு பேர் தைப்போம், வெட்டுவோம். ஒருத்தி மட்டும் பிரிப்பாள். தையல் கோணினால் போதும், சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்து, துணியை நம் மடியிலேயே திருப்பிப் போட்டுவிடுவாள். அதனால் அவளுக்குப் பிரிப்பக்கா என்று பெயர். வயிற்றெரிச்சலில் அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

அறை சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே ஆறு மெஷின் ஓடும் சத்தம். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். மீதிப்பேரின் புருஷன்மார் உயிரோடு எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார்கள். தையல்கடைகளில் மிஞ்சும் துணிகளை மூட்டையாக வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, குழந்தைப் போர்வை செய்கிறோம். பின்கட்டில் தாய் தகப்பன் இல்லாத பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போர்வை விற்றால்தான் எங்கள் வீடுகளிலும் அடுப்பெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் சோறு.

அக்காவும் கைக்குழந்தையோடு வந்தவள்தான். "எனக்கு ஊசியக் குடுத்தா விரலத்தான் தைப்பேன்" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பாள். முதல் வருடம் அவள் தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகமாம். ஒருமுறை நான், "ஏழைங்க செஞ்சதுன்னு சொன்னா கோணலா இருந்தாலும் வாங்குவாங்கக்கா" என்றேன்.

"வாங்குவாங்க. ஒரு தடவ. அடுத்த மாசம் எதத் திங்கிற?" என்றாள். அன்றைக்கு அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். வெட்டுகிற வேலை என்னுடையது. மழைக்கு முன் ஒரு கடைக்காரர் இருபது போர்வை கேட்டிருந்தார். திங்கட்கிழமை மூட்டைகள் வந்து குவிந்தன. என் மேசைக்கடியில் கிடந்த ஒரு மஞ்சள் பையையும் அதில் ஒன்று என்று நினைத்து அவிழ்த்தேன். வெள்ளைப் பூப்போட்ட நீல நைட்டி ஒன்று இருந்தது. நல்ல துணி. சந்தோஷமாக வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை, போர்வைகளைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தோம். பின்கட்டுக்கு அந்த மாதம்தான் வந்திருந்த ஆறு வயதுப் பெண் நாலு நாள் காய்ச்சல் விட்டு எழுந்து, நேராக என் மேசைக்கடியில் குனிந்து தேடினாள்.

"எங்கம்மா நைட்டி எங்க?"

அந்த மஞ்சள் பை அவளுடையது. பெரிய பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, பத்திரமான இடம் என்று என் காலடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை அவளுக்கு.

அக்காவைத் தனியாக இழுத்துப் போய், "அதே மாதிரி துணி கடையில கிடைக்கும்கா. புதுசு ஒண்ணு தச்சுக் குடுத்துடலாம், கண்டுபிடிக்க மாட்டா" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மடித்த போர்வைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நாலு போர்வையில் நீலம் இருந்தது. உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்தாள். தன் வாழ்நாளில் கோணலே இல்லாத தையலை அவள் பிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மதியம் கடைக்காரர் வந்து பதினாறை எண்ணிவிட்டு முகத்தைச் சுளித்தார். "இருபதும் இல்லன்னா அடுத்த ஆர்டர வேற இடத்துல குடுத்துடுவேம்மா."

"குடுங்க. நாலும் புதன்கிழமை வரும். வேண்டாம்னா விட்டுடுங்க" என்றாள் அக்கா. தலைகூட நிமிரவில்லை.

முப்பத்திரண்டு நீலச் சதுரங்கள் கிடைத்தன. அக்கா சிறுமியைக் கூப்பிட்டு, நடந்ததைப் பூசி மெழுகாமல் சொன்னாள். "கண்ணு, நாங்க தப்புப் பண்ணிட்டோம். தெரியாம வெட்டிட்டோம். எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கோம். உனக்கு எப்படி வேணுமோ அப்படித் தச்சுத் தர்றேன்." நான் செய்த தப்பு அது. நாங்க என்றாள்.

சிறுமி அழவில்லை. ஒரு சதுரத்தை எடுத்து மூக்கில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அக்காவின் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இது சோப்பு" என்றாள்.

துவைத்தவள் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கழுத்த எங்க போட்ட?"

சதுரத்துக்கு ஆகாத கழுத்துப்பட்டி, மடிப்பு, ஓரம் எல்லாவற்றையும் தலையணைக்கு அடைக்கிற சாக்கில் எறிவதுதான் என் வழக்கம். அந்தச் சாக்கில் துவைத்தது எதுவும் இல்லை. அக்கா அதைத் தரையில் கவிழ்த்தாள். பன்னிரண்டு பேரும் மண்டியிட்டு, துணுக்குத் துணுக்காக விலக்கினோம். கடைசியில் என் கையில்தான் அகப்பட்டது. வியர்வையில் பழுத்து, பட்டன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாண் நீலப் பட்டி.

சிறுமி அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு மெல்ல அக்காவின் மடியில் ஏறி, அதோடு அப்படியே தூங்கிவிட்டாள்.

வேலை மலையாகக் கிடந்தது. நாலு போர்வையிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அக்காவால் அசைய முடியவில்லை.

"நீ தை" என்று என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினாள். "கோணினா நீயே பிரிச்சுக்க."