சீனிக்கிழங்கும் பம்புச் சாவியும்

குணசுந்தரிக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. புக்கிட் செலம்பாவில் அவளை அறிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பியிருக்கிறாள். சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலை பார்த்திருக்கிறாள். காளான் வளர்த்தாள், மிளகாய் போட்டாள். எதிலும் தோற்றாள் என்று சொல்ல முடியாது; தோற்பதற்கு முன்பே அடுத்ததற்குப் போய்விடுவாள். நாற்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான்.

அப்பா விட்டுப்போன நிலம் சாலையோரத்து மணல்மேடு. தைப்பூசம் நெருங்கினால் மழை நின்றுவிடும். அதன்பின் சித்திரை வரை வெயில்தான். அவள் போட்ட மிளகாயெல்லாம் அந்த வெயிலில் கருகியது. அப்போதுதான் கைப்பேசியில், எங்கோ ஒரு வறண்ட ஊரில் விவசாயிகள் மண்ணிலிருந்து வெள்ளைக் கிழங்குகளைப் பிடுங்குவதைப் பார்த்தாள். வடிவத்தில் பீட்ரூட் மாதிரி. வெட்டிக் காய்ச்சினால் சீனிப்பாகு. கரும்பைவிடத் தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும் என்றார்கள். வெப்பத்தைத் தாங்கும் விதையை ஜித்ராவில் ஒரு விதைக்கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். சீனிக்கிழங்கு என்ற பெயர் அவளே வைத்தது.

முதல் ஆண்டு, செம்பனைக் கன்றுக்குச் செய்ததையே இதற்கும் செய்தாள். பாலிபேக்கில் விதை போட்டு, நிழல்வலைக்கு அடியில் வளர்த்து, பிறகு எடுத்து நட்டாள். பிடுங்கியபோது ஒவ்வொன்றும் கோழிக்கால் மாதிரி பிரிந்து முறுக்கிக்கொண்டிருந்தது. பையின் அடியில் முட்டிய வேர் நேராக இறங்கவே இல்லை.

மறு ஆண்டு விதையை நேரே பாத்தியில் ஊன்றினாள். கிழங்கு நன்றாக இறங்கியது. ஆனால் மத்தியான வெயிலில் இலைகள் துவண்டு மண்ணில் படுத்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஓடி ஓடித் தண்ணீர் பாய்ச்சினாள். சூடேறிய மண்ணில் ஈரம் தங்கிக் கிழங்குகள் அழுகின. அதன்பிறகுதான் புரிந்தது. மண்ணுக்குள் ஈரம் இருந்தாலும் அந்த இலைகள் உச்சி வெயிலில் படுக்கும். வெயில் சாய்ந்தால் தானாக எழும். நடுவில் மனிதர்கள் ஒன்றும் செய்யக் கூடாது. அவளால் முடியாத காரியமே அதுதான்.

நிலத்தில் பாதி அண்ணன் புவனேசனுடையது. அவர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை மேய்ப்பவர்.

“இந்த வருசம் கடைசி, குணா. இதுவும் போச்சுன்னா முழுக்கச் செம்பனைதான். அது பாட்டுக்கு வளரும். பக்கத்துல நின்னு மூச்சு விட ஆள் வேணாம்.”

“நல்லா வந்துச்சுன்னா?”

“வரட்டும், பாப்போம் லா.”

மார்கழியில் பாத்திகளை உயர்த்திக் கட்டி விதைத்தாள். நெருங்கி முளைத்தவற்றைக் கிள்ளி எறிந்தாள். வயல்காட்டிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து மண்ணை மூடினாள். சொட்டுக் குழாயில் சாயங்காலம் மட்டும் தண்ணீர் விட்டாள். கிழங்கு பருத்தது. இனி அந்தத் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். அப்போதுதான் இனிப்பு ஏறும். நிறுத்தினாள். ஆனால் கால்கள் நிற்கவில்லை. பம்பு வரை போவாள், திரும்புவாள், மறுபடியும் போவாள். தன் கையை நம்ப முடியாமல், ஒரு சாயங்காலம் பம்புக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொண்டுபோனாள்.

“இதை நீயே வச்சிருண்ணே. நான் வந்து கேட்டாலும் குடுக்காத.”

“செம்பனை போடுறேன்னு சொன்னவன்கிட்டயா?”

“அதனாலதான். நீ தண்ணி விடமாட்ட.”

மத்தியானம் துவண்ட இலைகள் கண்ணில் படக்கூடாதென்று சுங்கைப் பட்டாணி பாசாரில், அதாவது சந்தையில், ஒரு காய்கறிக் கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் சும்மா இல்லை. கட்டிய கீரையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். “அக்கா, அந்தக் கீரை என்ன பாவம் செஞ்சுச்சு? விட்டுடுங்க” என்றாள் கடைக்காரி திலகா. சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது எல்லா வரிசைகளும் நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.

பாசார் விடுமுறையன்று பொறுக்க முடியாமல் உச்சி வெயிலில் நிலத்துக்கு வந்தாள். உள்வரிசைகள் செத்தது போலக் கிடந்தன. சாலையோரம் இரண்டு வரிசைகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. நடுவில் அண்ணன், கையில் இலைமேல் தண்ணீர் பீய்ச்சும் பைப்புடன்.

“என்னண்ணே இது?”

“மாட்டுக்கார அம்மாசி தினமும் இந்த வழியா மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறப்போ கேக்குறாரு. ‘என்ன மண்டோரு, தங்கச்சி செடிக்கெல்லாம் எப்பக் கருமாதி’ன்னு. ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்குறான். எனக்கு மானம் இருக்குல்ல?”

“எத்தனை நாளா?”

“சாவி குடுத்த மறுநாள்லேருந்து.”

“உள்வரிசைக்கும் விட்டியா?”

“அது ரோட்டுலேருந்து தெரியாதே.”

அவள் பைப்பைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியதும்தான் சிக்கல். தண்ணீர் இப்போது அவள் கையில். எதிரே படுத்துக் கிடக்கும் வரிசைகள். கை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. முதல் செடியின் ஓரத்து வைக்கோல் நனைந்தது. குணசுந்தரி பைப்பை மடக்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். “ஓடுண்ணே, பம்பை அடை.”

புவனேசன் ஓடினார். பைப் அடங்கும்வரை அவள் பிடியை விடவில்லை.

“சாவி உன்கிட்டயே இருக்கட்டும். மத்தியானத்துல மட்டும் இந்தப் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டு, தானும் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

சித்திரை மழைக்கு மேகம் கூடும் முன்பே அறுவடை. சாலையோரத்துக் கிழங்குகள் பார்வைக்குப் பெரியவை. ஆனால் பலவற்றில் நுனி கறுத்துக் குழைந்து நாறியது. நல்லதாக இருந்தவற்றை வெட்டிச் சுவைத்தால் பச்சைத் தண்ணீர். உள்வரிசைக் கிழங்குகள் சிறியவை, கல் மாதிரி கெட்டி. புவனேசன் ஒரு துண்டைக் கடித்தார். இன்னொரு துண்டை எடுத்தார்.

சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிக் காய்ச்சினாள். லேசான மண்வாசனையோடு பழுப்புப் பாகு திரண்டது. அதை ஊற்றிச் சேமியாப் பாயாசம் வைத்தாள். மாட்டுக்கு இலை கேட்டு வந்த அம்மாசிக்கும் ஒரு கோப்பை கிடைத்தது.

“கருமாதின்னு நெனச்சேன், கல்யாணமா இருக்கே” என்றார் அம்மாசி, கோப்பையை வழித்துக்கொண்டே.

புவனேசன் சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார். “அடுத்த வருசம் இதை என்கிட்ட குடுக்காத. சுசா லா, கஷ்டம். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க என்னால முடியல.”

அடுத்த வருசம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. சாவியை வாங்கிய கையோடு எழுந்துவிட்டாள். சாலையோரம் போய், எதிலிருந்து எதுவரை என்று காலடியால் அளக்க ஆரம்பித்தாள்.

“ரோட்டுலேருந்து தெரியாத மாதிரி இங்க உயரமா எதையாச்சும் வைக்கணும்ணே.”

“செம்பனை வைக்கட்டா?” என்றார் புவனேசன்.