எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்

முதியோர் கல்விக்கு உகந்த நேரம் மாலை ஏழு மணி என்று முடிவு செய்தவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். அவர் மனத்தில் இருந்தவன் உழவன். மாட்டைக் கட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, அரிக்கேன் விளக்கின் முன் சிலேட்டுடன் வந்து உட்காரும் உழவன். மரக்காணத்து உப்பளப் பெண்கள் விடிவதற்கு வெகு முன்பே பாத்தியில் இறங்குவார்கள் என்பதும், வெயில் ஏறி உப்பின் வெண்மை கண்ணைக் குத்தத் தொடங்குவதற்குள் வேலையை முடித்துக் கரையேறிவிடுவார்கள் என்பதும், மாலை ஏழு மணிக்கு அவர்களுக்குப் பாதி இரவு ஆகிவிட்டிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்பதற்குத் திட்டத்தில் ஏற்பாடு இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஒன்றிய அலுவலகத்தில் சமூகக் கல்விக்கான விரிவாக்க அலுவலராக இருந்தேன். எங்கள் மையம் முதலில் மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் நடந்தது. பெண்கள் ஒழுங்காக வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்படியே தூங்கினார்கள். ஒருநாள் எட்டிப் பார்த்த பங்குச் சாமியார் என்னிடம், “என் பிரசங்கத்துலகூட இப்படி ஒட்டுமொத்தமா யாரும் தூங்கினதில்லீங்க” என்றார். அவர் குரலில் ஆறுதலும் இருந்தது.

விதிகளை மீறுவது எனக்குப் பிடிக்காது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. முழுவதும் படித்துப் பார்த்தால் வேண்டிய வழி உள்ளேயே இருக்கும். திட்ட விதிகளின் முதல் பக்கத்தில் “மாலை ஏழு மணி” என்று இருந்தாலும், பின்னால் ஓரிடத்தில் “கற்போரின் அன்றாட வேலை முடிந்த பிறகு” என்றும் இருந்தது. இந்தப் பெண்களின் அன்றாட வேலை காலை பத்து மணிக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே காலை பத்தரையே இவர்களுக்கு மாலை என்று கடலூரிலிருந்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வகுப்பை உப்பளத்துக் கரையில் இருந்த கீற்றுக் கொட்டகைக்கு மாற்றினேன். பதில் வரும்வரை செய்வது தவறென்றும் எந்த விதியிலும் இல்லை.

பாடம் சொல்லித் தந்தவள் கோயில் தெருப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தவறியவள். தகுதிப் பட்டியலில் “எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் அல்லது தவறியவர்” என்று இருந்ததால் அவள் இரண்டாவது வகையில் முழுத் தகுதி பெற்றாள். எல்லாரும் அவளை டீச்சரம்மா என்றார்கள். நன்றாகவே சொல்லித் தந்தாள். புத்தகங்கள்தான் இல்லை. அவை கடலூரிலிருந்து வந்துகொண்டிருந்தன. அரசாங்கத்தில் ஒரு பொருள் வந்துகொண்டே இருக்கும். வந்துசேர்வது வேறு காரியம். கையில் இருந்தது பெரிய எழுத்து அட்டை ஒரு கட்டும், மாதிரிப் புத்தகம் ஒன்றும்.

வகுப்பில் நாற்பதை ஒட்டிய வயதுள்ள ஒரு பெண் இருந்தாள். உப்புத் தண்ணீர் அரித்து அவளுடைய உள்ளங்கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருந்தன. இனி பாத்தியில் இறங்காதே என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லியிருந்தார். இறங்காமல் எதைச் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஊரில் புதிதாகத் திறக்கப்போகும் பால்வாடிக்கு உதவியாளர் வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்ற சான்றிதழ் கட்டாயம்.

“சார், இங்க பரீட்ச எழுதுனா அந்த சர்ட்டிபிகேட்டு குடுப்பீங்களா?” என்று என்னை நிறுத்திக் கேட்டாள்.

“பாஸ் பண்ணா குடுப்பாங்கம்மா.”

“பண்ணிடுவேங்க. இந்தக் கால வெச்சிக்கினு அடுத்த வருஷம் எறங்க முடியாது. அத மட்டும் தெரிஞ்சிக்கோங்க.”

தெரிந்துகொண்டேன். பரீட்சை நடக்க மையம் இருக்க வேண்டும். மையம் இருக்கக் கடலூர் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. திட்ட அலுவலரே ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவர் வருகிறார் என்று முதல்நாளே தெரிந்துவிட்டதால் டீச்சரம்மா கொட்டகையைப் பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தாள். எழுத்து அட்டையை மூங்கில் தட்டியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். எல்லாரும் தலைசீவிப் பூ வைத்திருந்தார்கள். காலில் மட்டும் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

அலுவலர் அட்டையிலிருந்த ஒரு சொல்லைக் காட்டி, கால் வெடித்த அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். அட்டையைப் பார்த்தாள். கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் விழித்தாள். முன்வரிசையில் சிலர் தடையில்லாமல் படித்தார்கள். வேறு சிலருக்கு ஓர் எழுத்துகூட வரவில்லை. டீச்சரம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “நேத்துகூட படிச்சாங்க சார்” என்றாள்.

“சரி, புத்தகத்தையாவது குடு” என்றார் அலுவலர்.

மாதிரிப் புத்தகத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி, நிதானமாகத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் கணீரென்று படித்தாள்.

அலுவலர் சிரித்தார். படிக்கத் தெரியாதவர்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பற்றி எல்லா ஊரிலும் கதை உண்டு. அவர் அதை நேரிலேயே பார்த்துவிட்டார். “மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க” என்றார் என்னிடம். “நேரமும் மாத்திட்டீங்க, படிப்பும் இந்த லட்சணத்துல இருக்குது. இந்த மையத்தப் பக்கத்து ஊரு அனுமந்தைக்கு மாத்திட வேண்டியதுதான்.”

“மனப்பாடமா? நாங்க இன்னா ஜெபமா சொல்றோம்?” என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். “சும்மா இர்றீ” என்று இன்னொருத்தி அவளை அடக்கினாள். நின்றுகொண்டிருந்தவள் புத்தகத்தைத் தலைகீழாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கே தவறு நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வகுப்பைப் பார்க்காமல் கையெழுத்து மட்டும் போடுகிற அலுவலர் இல்லை. கடற்கரைக் காற்றில் அந்தக் கொட்டகையில் கயிறு போட்டுக் கட்டாமல் எதையும் தொங்கவிட முடியாது. அதனால் தினமும் அட்டையைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, சுற்றி உட்கார்ந்துதான் படித்தார்கள். ஒரே பாத்தியில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒன்றாகவே உட்காருவார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காருகிற வழக்கம் அங்கே இல்லை. அட்டையின் கீழ்ப்பக்கம் டீச்சரம்மா. இந்தப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் முதல்நாளிலிருந்து அவளுக்கு நேர் எதிரே. ‘அ’வை அவர்கள் பார்த்ததே தலைகீழாகத்தான். பார்த்தபடியே சிலேட்டில் எழுதினார்கள். எதிரே இருந்த டீச்சரம்மாவுக்கு அது நேராகத் தெரிந்தது. சரி என்று தட்டிக்கொடுத்தாள். யாருக்குச் சந்தேகம் வரும்?

“சார், இது மனப்பாடம் இல்ல. உங்க பேப்பரக் கொஞ்சம் குடுங்க” என்றேன்.

ஜீப்பின் முன்சீட்டில் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. அவரையே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர் ஒரு தலைப்பைக் காட்டி நேராக நீட்டினார். நான் அதைத் தலைகீழாகத் திருப்பி அவள் முன் பிடித்தேன்.

அவள் வலமிருந்து இடமாக விரலை நகர்த்திக்கொண்டு போனாள். “ரே…” என்று சொல்லி நின்றாள். அடுத்த எழுத்தில் விரல் நகரவில்லை.

“இது எங்க அட்டையில இல்லீங்க. இன்னும் சொல்லித் தர்ல.”

“அது ‘ஷ’” என்றார் அலுவலர், தன்னை மறந்து.

“ரே…ஷ…ன். ரேஷன். சர்…க்…கரை. தட்டு…ப்பாடு. நீங்…கும்.” ஒருமுறை உதட்டுக்குள் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். “ரேஷன் சர்க்கரைத் தட்டுப்பாடு நீங்கும். எங்கங்க நீங்குது? போன மாசமே போடலியே!”

கொட்டகை முழுவதும் சிரித்தது. “நல்லா கேளுக்கா, ஜீப்புல வந்தவரு போட்டுட்டுப் போவாரு” என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அலுவலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனப்பாடம் செய்தவள் தெரியாத எழுத்தில் வந்து நிற்கமாட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. தட்டியிலிருந்த அட்டையை நான் அவிழ்த்துத் தரையில் போட்டதும் மற்றவர்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே படிக்கத் தொடங்கினார்கள்.

“படிக்கிறாங்க, ஒத்துக்கறேன்” என்றார் அலுவலர். “ஆனா சர்ட்டிபிகேட்ல இன்னான்னு எழுதறது? தலைகீழாப் படிப்பார்னா?”

“முன்பின் பார்க்காத ஒரு பகுதியைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும்னுதான் விதியில இருக்குதுங்க. எந்தப் பக்கமாப் பிடிக்கணும்னு இல்ல.”

“இருக்காதா?”

“இல்லீங்க. முழுசாப் படிச்சிருக்கேன்.”

“விதி கிடக்கட்டும். நாளைக்கு பால்வாடிக்கு வர்ற தாய்மாருங்க முன்னாடி இந்தம்மா இப்படிப் புத்தகத்தப் பிடிச்சா, ஊரே சிரிக்கும்யா” என்றார் அலுவலர். அதற்கு விதியில் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். காலை வகுப்புக்கு அங்கேயே அனுமதி எழுதிக் கொடுத்தார். பரீட்சையில் எல்லாரும் நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும் என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனை வைத்தார். புத்தகங்கள் அந்த வாரமே வந்துசேர்ந்தன. அலுவலகத்தில் சிலருக்கு வெட்கமும் வேலை செய்யும்.

எதிர்ப்பக்கத்துப் பெண்களை நேராக்குவது எழுத்தைக் கற்றுத் தருவதைவிடக் கடினமாக இருந்தது. டீச்சரம்மா எல்லாரையும் தன் பக்கத்துக்கு அழைத்ததும் இடத்துக்குச் சண்டை வந்தது. “எங்க எடத்துல நீங்க இன்னாத்துக்கு வர்றீங்க?” என்று கீழ்ப்பக்கத்தார் கேட்டார்கள். “நாங்க குத்துக்கல்லாட்டம் எதிர்ல குந்தியிருந்தோமே, அப்ப எங்க போனீங்க?” என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தினம் ஒரு வரிசை இடம் மாற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். மாறினார்கள். முறைத்துக்கொண்டு மாறினார்கள்.

அந்தப் பெண் முதலில் தன் பெயரை எழுதிப் பழகினாள். இடமிருந்து வலமாக எழுதுவது அவளுக்குக் கையை முறுக்குவதுபோல இருந்தது. “ஒண்ண ரெண்டு வாட்டி படிக்க வெக்கிறீங்களே சார்” என்று என்னைத் திட்டினாள். “உங்களுக்கு ரெண்டு பக்கமும் படிக்க வரும்மா. எனக்கு ஒரு பக்கம்தான்” என்றேன். “இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல” என்றாள்.

பரீட்சை அன்று வினாத்தாளை வாங்கியதும் அவள் கை தானாக அதைத் திருப்பப் பார்த்தது. டீச்சரம்மா தொண்டையைக் கனைத்தாள். அவள் தாளை இரண்டு கையாலும் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக, நேராகப் படித்தாள். பொருளும் சொன்னாள். தேறினாள்.

தை பிறந்து, பாத்தி கட்டும் வேலைக்கு ஆட்களைக் கூப்பிட மேஸ்திரி அவள் வீட்டுக்கும் வந்து குரல் கொடுத்தார். அவள் வீட்டில் இல்லை. பால்வாடியில், காலில் செருப்புடன், சத்துமாவு கிளறிக்கொண்டிருந்தாள்.