எண்ணெய் டின் ஒட்டு

ஜங்புரா மெக்கானிக் என் பழைய காரை முடுக்கியதும், ஓட்டைச் சைலன்சரின் புகை தொண்டையைப் பிடித்தது. கம்பெனிப் பொருள் வேண்டாம், லோக்கல் சைலன்சர் போட்டால் சஸ்தாவில், மலிவாக முடியும் என்றான்.

"எதுக்குல? எண்ணெய் டின்ன வெட்டிச் சுத்தினா போதும்," என்றார் பின்சீட்டில் இருந்த அப்பா.

சின்ன வயதில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அப்போதிருந்த காருக்கும் அப்படித்தான் டின்னைச் சுற்றிக் கம்பியால் கட்டுவார். ஒரு வாரம்கூடத் தாங்காது. டிசம்பர் குளிரில் ஞாயிறு பூசைக்குப் போவோம். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து, "கண்ணாடிய ஏத்துங்க, காதுல குளிர் ஏறுது" என்பார். பின்சீட்டில் அம்மாவும் நானும் புகையைக் குடிப்போம். கோயில் வாசலில் இறங்கியதும் அம்மா வாந்தி எடுப்பாள். "ராத்திரி கண்டதத் தின்னா இப்படித்தான்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முழங்கால் போடுவாள்.

இப்போது மெக்கானிக் இறங்கியதும் நான் முன்சீட்டில் ஏறி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அப்பா இருமினார்.

"கண்ணாடிய எறக்குல."

"காதுல குளிர் ஏறுதுப்பா," என்றேன்.

அவர் கதவைத் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். மெக்கானிக்கிடம் புதுசே போடச் சொன்னேன்.